ஒரு பீப், அப்புறம் பேச்சே இல்ல

டிசம்பர் ஸ்கூல் லீவுல சிங்கப்பூர்ல இருந்து குடும்பத்தோட திருச்சி பக்கம் ஊருக்கு மூணு வாரம் போயிட்டு வந்தோம். கிளம்புறப்ப அம்மா வழக்கம்போல ஃப்ரிட்ஜைத் தவிர வீட்ல இருக்குற அத்தனை ப்ளக் சுவிட்சையும் அணைச்சிட்டாங்க, கரண்ட் பில் ஒரு பக்கம், தீப்பிடிச்சிரும்ங்கிற பயம் ஒரு பக்கம். திரும்பி வந்த மறுநாள் காலைல எட்டரைக்கு வேலைக்கு லாகின் பண்ணணும். டெஸ்க்டாப்பைப் போட்டேன். ஃபேன் சுத்துது, ஒரு பீப் வந்துச்சு. எப்பவும் நான் கிச்சன்ல போய் காபி கலக்கிட்டு வர்றதுக்குள்ள என்விடிஏ, ஸ்க்ரீன்ல இருக்குறதைப் படிச்சுச் சொல்ற ஸ்க்ரீன் ரீடர், பேச ஆரம்பிச்சிருக்கும். அன்னிக்கு காபி ஆறிப்போச்சு, அது பேசல.

எனக்குக் கண்ணு தெரியாது. ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, இருபது வயசுல ராத்திரி பார்வை போக ஆரம்பிச்சு முப்பத்தொண்ணுல முழுசா போயிடுச்சு. வீட்ல இருந்தே வெப்சைட், ஆப் எல்லாம் பார்வையில்லாதவங்க யூஸ் பண்ற மாதிரி இருக்கான்னு டெஸ்ட் பண்ற வேலை. அதனால கம்ப்யூட்டர் பேசலன்னா எனக்கு வேலையும் இல்ல, பேப்பரும் இல்ல, ஒண்ணும் இல்ல, மேசை மேல ஒரு சூடான டப்பா இருக்கு அவ்வளவுதான்.

கண்ணு தெரிஞ்சவங்களுக்கு இது புரிய வைக்கிறது கொஞ்சம் கஷ்டம். உங்களுக்கு கம்ப்யூட்டர் கோளாறுன்னா ஸ்க்ரீன்ல ஏதாவது எழுதியிருக்கும், புரியலன்னாலும் ஒரு போட்டோ எடுத்து தெரிஞ்சவன் கிட்ட அனுப்பலாம். எங்களுக்கு பத்து விதமான கோளாறும் ஒரே மாதிரிதான் இருக்கும், அமைதி. விண்டோஸ் அப்டேட் ஓடிட்டு இருந்தாலும் அமைதி, ஹார்ட் டிஸ்க் செத்திருந்தாலும் அமைதி, எல்லாம் சரியா ஓடி என்விடிஏவும் பேசிட்டுதான் இருக்கு ஆனா சத்தம் ஸ்பீக்கருக்குப் போகாம எச்டிஎம்ஐ வழியா ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் போகுதுன்னாலும் அதே அமைதிதான். இந்தக் கடைசி விஷயத்துல நான் ஒருவாட்டி ஒரு முழு நாளை விட்டிருக்கேன், கடைசில மானிட்டர் கேபிளை உருவினதும் ஸ்பீக்கர்ல படபடன்னு பேசுச்சு, எனக்கு சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. அதனால இப்ப அமைதின்னாலே என் கை முதல்ல அந்தக் கேபிளுக்குத்தான் போகும்.

அன்னிக்கு கேபிளை உருவியும் ஒண்ணும் நடக்கல. கண்ட்ரோல் விண்டோஸ் எண்டர் அழுத்தி விண்டோஸோட சொந்த நரேட்டரைக் கூப்பிட்டுப் பாத்தேன், அதுவும் இல்ல. வைஃப் நைட் ஷிஃப்ட் முடிச்சு தூங்குறாங்க, எழுப்ப மனசு வரல. சரின்னு போன்ல பீ மை ஐஸ் ஆப்பைத் திறந்து அதுல இருக்குற ஏஐ கிட்ட போட்டோ எடுத்துக் காட்டினேன். முதல் போட்டோல "மரமேசை, அதுமேல காபி கப், பக்கத்துல பிள்ளையார் சிலை"ன்னு அழகா வர்ணிச்சுது. ரெண்டாவதுல மானிட்டரோட கால். ஸ்க்ரீனோட ரெண்டு மூலையையும் கையால தொட்டுப் பாத்து, போனை நெஞ்சோட ஒட்டி ஒரு முழம் பின்னாடி நகந்து எடுத்த நாலாவது போட்டோலதான் விஷயம் வந்துச்சு: சிமோஸ் செட்டிங் தப்பா இருக்கு, தேதி நேரம் செட் ஆகல, எஃப்1 அழுத்தி செட்டப்புக்குப் போ. அம்புட்டுதான். ஒரு பட்டன். அதுக்கு எனக்கு நாப்பது நிமிஷம்.

காரணம் அம்மாவோட சுவிட்ச். மதர்போர்டுல ஒரு காசு சைஸ்ல சிஆர் 2032ன்னு 3 வோல்ட் பேட்டரி இருக்கும், கரண்ட் இல்லாத நேரத்துல கடிகாரத்தை ஓட்டுறது அதுதான். ப்ளக்ல கரண்ட் இருக்குறவரைக்கும் கம்ப்யூட்டர் ஆஃப்ல இருந்தாலும் அதுக்குப் பெருசா வேலை இல்ல, சுவிட்சையே அணைச்சிட்டா மொத்தச் சுமையும் அதுமேலதான். ஏழு வருஷப் பழைய பேட்டரி மூணு வாரத்துல மண்டையப் போட்டுடுச்சு. அம்மாகிட்ட சொன்னா "நான் என்னப்பா பண்ணேன், தீபாவளிக்கே மாத்தியிருக்கணும் நீ"ங்கிறாங்க.

எஃப்1 அழுத்தினேன், செட்டப் திறந்திருக்கும்னு ஒரு நம்பிக்கை, எஃப்10 அழுத்தி எண்டர் தட்டினேன், நிறைய போர்டுல அதுதான் சேவ் பண்ணி வெளிய வர்றது. ரீஸ்டார்ட் ஆச்சு. ஒரு பீப். மறுபடி அமைதி.

இப்ப வந்தது இன்னும் பெரிய ஆப்பு. பேட்டரி போனதுல, விண்டோஸுக்கு முன்னாடியே ஓடுற பயாஸோட செட்டிங் எல்லாம் ஃபேக்டரில இருந்து வந்த நிலைக்குப் போயிடுச்சு, செக்யூர் பூட்ங்கிற பாதுகாப்பு செட்டிங்கும் சேர்ந்து மாறிடுச்சு, அதைப் பாத்து டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் யாரோ பெட்டியைத் தொட்டுட்டாங்கன்னு நெனச்சு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டுட்டு நிக்குது. என் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்குங்கிறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். கீ நம்ம மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும், போன்ல திறந்து பாத்தா பழைய லேப்டாப்போடது, ரீஇன்ஸ்டால் பண்ணப்ப வந்ததுன்னு மூணு கீ இருக்கு. எதுன்னு தெரியணும்னா ஸ்க்ரீன்ல காட்டுற கீ ஐடியோட ஒத்துப் பாக்கணும், ஏஐ அந்த ஐடியை ரெண்டு வாட்டி ரெண்டு விதமா படிச்சுது, ஒருவாட்டி 8, ஒருவாட்டி பி. அக்கா பையனுக்கு வீடியோ கால் போட்டேன், பாலிடெக்னிக்ல படிக்கிறான், தூக்கக் கலக்கத்துல "மாமா, மொத எழுத்து பி, போனைக் கொஞ்சம் மேல தூக்குங்க"ன்னான். அப்புறம் போனோட ஸ்க்ரீன் ரீடர் வாய்ஸ்ஓவர் படிக்கப் படிக்க ஆறு ஆறா எட்டு தொகுதி நானே அடிச்சேன். இதுல ஒரு விஷயம், அந்த ஆறு இலக்கம் ஒவ்வொண்ணும் 11ஆல மீதியில்லாம வகுபடுற மாதிரிதான் வச்சிருக்காங்க, அதனால ஒண்ணு தப்பா அடிச்சாலும் அந்த இடத்துலயே தப்புன்னு கண்டுபிடிச்சு சொல்லிடும். சொல்லும்னா, எழுத்துல.

பத்தே கால் மணிக்கு என்விடிஏ பேசுச்சு. தேதி பல வருஷம் பின்னாடி இருந்ததால எந்த சைட்டும் திறக்கல, செக்யூரிட்டி சர்டிஃபிகேட் இன்னும் பொறக்கவே இல்லன்னு ப்ரௌசர் நெனச்சுக்கிச்சு. அதைச் சரி பண்ணது ரெண்டு நிமிஷ வேலை, ஏன்னா அது பேசுற இடத்துல நடந்த வேலை.

ஏன் பேசலன்னு சிலர் கேப்பாங்க. என்விடிஏ ஒரு ப்ரோக்ராம். 2006ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கர்ரன்னு பார்வையில்லாத ஒருத்தர் ஆரம்பிச்சு, அப்புறம் ஜேம்ஸ் டெ சேர்ந்து ரெண்டு பேருமா வளத்தது, இலவசம், தமிழ்லயும் பேசும். ஆனா ப்ரோக்ராம்னா அது ஓட விண்டோஸ் வேணும். பவர் பட்டனை அழுத்தினதுல இருந்து விண்டோஸ் எழுந்திரிக்கிறவரைக்கும் கம்ப்யூட்டரை ஆளுறது மதர்போர்டுல இருக்குற பயாஸ், இப்ப யூஈஎஃப்ஐன்னு சொல்றாங்க. அதுக்குள்ள ஸ்க்ரீனுக்கு டிரைவர் இருக்கு, கீபோர்டுக்கு இருக்கு, மவுஸுக்கு இருக்கு, நெட்வொர்க்குக்குக்கூட இருக்கு. சத்தத்துக்கு மட்டும் பெரும்பாலும் இல்ல. கேமிங் போர்டு வாங்கினா செட்டப் ஸ்க்ரீன்ல மீட்டர் சுத்துது, கிராஃப் ஓடுதுன்னு அக்கா பையன் சொல்றான். அதுக்கெல்லாம் சிப்புல இடம் இருக்கு.

முடியாத காரியம்னு மட்டும் சொல்லாதீங்க. மேக் இல்லாத கம்ப்யூட்டர்ல மேக்ஓஎஸ் போடுறவங்க யூஸ் பண்ற ஓப்பன்கோர்னு ஒரு பூட்லோடர், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுப்பி விடுற ப்ரோக்ராம், அதோட மெனுவுல வாய்ஸ் வசதி இருக்கு, எந்த டிஸ்க்னு பேசிச் சொல்லும், விண்டோஸோ மேக்ஓஎஸ்ஸோ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே. ஆப்பிளோட சொந்த சிப் போட்ட மேக்ல ரெக்கவரிலயே வாய்ஸ்ஓவர் வேலை செய்யுது. ஆர்வத்துல வேலை பாக்குறவங்களாலயும் முடியுது, பெரிய கம்பெனியாலயும் முடியுது, நடுவுல இருக்குறவங்கதான் இன்னும் யோசிக்கிறாங்க.

சரி, பேட்டரி மாத்தணும். சிம் லிம் ஸ்கொயர், ரோச்சோர் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல இறங்கினா பக்கத்துலயே. அக்கா பையனைக் கூட்டிட்டுப் போனேன், பெட்டியையும் தூக்கிட்டு. கடைக்கார அங்கிள் நல்ல மனுஷன்தான், ஆனா என் கேள்விக்கெல்லாம் பதிலை அவன்கிட்டயே சொல்றார், கடைசில "ஹி கேன் ஸீ ஆர் நாட் ஆ?"ன்னு அவன்கிட்டயே கேட்டார். "கேனாட் லா அங்கிள், பட் கேன் ஹியர்"னு நான் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் பேட்டரிக்கு ஐம்பது காசு குறைச்சுக்கிட்டார். மாத்தித் தரவான்னு கேட்டார், வேணாம்னு வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன்.

இதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நிறைய பார்வையில்லாத நண்பர்கள் பெட்டியைத் திறக்கவே பயப்படுறாங்க. உண்மைல கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற சாமான்தான் எங்களுக்கு ரொம்ப சிநேகமானது. ரேம் குச்சியோட அடில ஒரு வெட்டு இருக்கும், நட்ட நடுவுல இல்லாம ஒரு ஓரமா தள்ளி, அதனால திருப்பிப் போட முடியாது. சாட்டா கேபிளோட வாய் எல் மாதிரி வளைஞ்சிருக்கும். பெரிய 24 பின் பவர் கேபிள்ல ஒரு பக்கம் கொக்கி இருக்கும், மாட்டினா டிக்குனு ஒரு சத்தம், அந்த சத்தம் வரலன்னா மாட்டலன்னு அர்த்தம். கண்ணு தெரிஞ்சவங்களே மேசைக்கு அடில குனிஞ்சு விரலாலதானே தேடுறாங்க. ப்ளக்கை உருவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச கரண்டை வெளியேத்திட்டு, பெட்டியோட இரும்பைத் தொட்டுட்டு ஆரம்பிங்க. பேட்டரி வட்டமா வழவழன்னு ஒரு குழில உக்காந்திருக்கும், ஓரத்துல ஒரு சின்ன உலோக நாக்கு, அதை நகத்தால தள்ளினா பேட்டரி எகிறி வரும். எழுத்து செதுக்கின தட்டையான பக்கம் மேல. திருகாணி எல்லாத்தையும் அம்மாவோட அஞ்சறைப் பெட்டி மாதிரி ஒரு டப்பால தனித்தனியா போட்டு வச்சுக்கறேன், எஸ்எஸ்டி டிஸ்க் திருகாணியும் பெட்டித் திருகாணியும் புரி வித்தியாசம், கலந்துட்டா விரலுக்குக்கூடத் தெரியாது.

எல்லாம் கைக்குப் புரியுது, திறந்து வச்ச பெட்டில நான் ராஜா. மூடி பவர் போட்டதும் அந்த முதல் இருபது செகண்டு வெறும் கண்ணுக்காகச் செஞ்சது.

பேட்டரி போட்டதும் செட்டிங்கை பழையபடி மாத்தணும்ல. இங்கதான் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன். பையனை உக்கார வச்சு எத்தனை தடவை வலது அம்பு, எத்தனை தடவை கீழ் அம்பு, எங்க எண்டர்னு எல்லாத்தையும் எண்ணி போன்ல நோட் பண்ணிக்கிட்டேன், இனிமே எவன் தயவும் வேணாம்னு பெருமை வேற. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு பயாஸ் அப்டேட் போட்டேன், அதுக்கப்புறம் ஒரு சின்ன மாற்றம் பண்ணலாம்னு அந்த நோட்டைப் பாத்து மூணு வலது, ரெண்டு கீழன்னு தட்டினா, அப்டேட்ல மெனுவுல ஒரு வரி புதுசா சேர்ந்திருக்கு, நான் மாத்தினது டிஸ்க் கண்ட்ரோலர் மோடு. விண்டோஸ் எழுந்திரிக்கவே இல்ல. அன்னைல இருந்து கீ எண்ணுற வேலையே இல்ல. யாராவது உங்களுக்கு அப்படி ஒரு நோட் குடுத்தா பயாஸ் வெர்ஷன் என்னன்னு கேளுங்க, தெரியலன்னா தொடாதீங்க. மாட்டிக்கிட்டா எல்லாத்தையும் ஃபேக்டரி நிலைக்குக் கொண்டு போற பட்டன் எதுன்னு உங்க போர்டுக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கோங்க, அசுஸ்ல எஃப்5, எம்எஸ்ஐல எஃப்6, ஜிகாபைட்ல எஃப்7, எச்பி லெனோவோ லேப்டாப்ல நிறையவும் எஃப்9.

அப்ப என்னதான் பண்றதுன்னா, பேசுற நேரத்துலயே பேசாத நேரத்து வேலையை முடிச்சிரணும். இது எனக்குப் புரிய ரொம்ப நாளாச்சு.

ஆபீஸுக்குன்னு விக்கிற மாடல்கள்ல பயாஸ் செட்டிங்கை விண்டோஸுக்குள்ள இருந்தே மாத்த ப்ரோக்ராம் குடுக்குறாங்க. எங்களுக்காக செஞ்சது இல்ல, ஆயிரம் கம்ப்யூட்டர் வச்சிருக்குற ஐடி டிபார்ட்மெண்ட் ஒவ்வொண்ணா உக்காந்து எஃப்2 தட்ட முடியாதுல்ல, அதுக்காக. டெல்லுக்கு டெல் கமாண்ட் கான்ஃபிகர், எச்பிக்கு பயாஸ் கான்ஃபிகரேஷன் யுட்டிலிட்டி, லெனோவோ திங்க்பேடுல பவர்ஷெல் வழியா. நான் ரீஃபர்பிஷ்டு எச்பி லேப்டாப் ஒண்ணு வாங்கி அந்த யுட்டிலிட்டியை ஓட்டினேன், பயாஸ்ல இருக்குற மொத்த செட்டிங்கையும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலா எழுதிக் குடுத்துது. ஒவ்வொரு செட்டிங்குக்கும் கீழ என்னென்ன சாய்ஸ், இப்ப எது போட்டிருக்கோ அதுக்கு முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி. நோட்பேடுல திறந்து கீழ் அம்பு தட்டத் தட்ட என்விடிஏ "ஸ்டார் எனேபிள்"னு படிக்குது. நட்சத்திரத்தை அழிச்சு அடுத்த வரில வச்சு, சேவ் பண்ணி, திருப்பி உள்ள ஏத்தினா முடிஞ்சுது. பதினஞ்சு வருஷமா கம்ப்யூட்டர் வச்சிருக்கேன், என் சொந்தப் பெட்டியோட பயாஸை முதல் முறையா நானே முழுசா படிச்சது அன்னிக்குத்தான், மேல இருந்து கீழ வரைக்கும், தேவையே இல்லாததைக்கூட விடாம. அதனால புதுசா வாங்கப் போறவங்களுக்கு நான் சொல்றது, அதே காசுக்கு பளபளன்னு வீட்டு மாடல் வாங்குறதை விட பழைய ஆபீஸ் மாடல் வாங்குங்க. வாங்குறதுக்கு முன்னாடி பயாஸ் பாஸ்வேர்ட் போட்டு வச்சிருக்காங்களான்னு மட்டும் கேட்டுக்குங்க.

என் டெஸ்க்டாப் மாதிரி அசெம்பிள் பண்ண பெட்டிக்கு இந்த வசதி கிடையாது. அதுக்கு எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு, இருபது வெள்ளிக்குக்கூட (சிங்கப்பூர் டாலர்) கிடைக்குது. டெஸ்க்டாப்போட எச்டிஎம்ஐயை அதுல சொருகி அதோட யூஎஸ்பியை லேப்டாப்ல சொருகினா டெஸ்க்டாப் ஸ்க்ரீன் லேப்டாப்ல கேமரா படம் மாதிரி வரும், கேமரா ஆப்பை ஃபுல் ஸ்க்ரீன்ல வச்சுட்டு என்விடிஏ பட்டனோட ஆர் அழுத்தினா அதுல இருக்குற எழுத்தைப் படிச்சுக் காட்டும். போனைத் தூக்கி நெஞ்சுல வச்சு ஆங்கிள் பாக்குற கூத்தெல்லாம் இல்ல. ஒரே குறை, எழுத்தைத்தான் படிக்கும், எந்த வரி மேல கர்சர் நிக்குதுன்னு சொல்லாது, அது கலர்ல மட்டும்தானே தெரியும். அந்த இடத்துல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஏஐ கிட்ட எந்த வரி வேற கலர்ல இருக்குன்னு கேக்குறேன். தப்பையும் அடிச்சு சொல்ற மாதிரி சொல்லும், அதனால ஒரு அம்பு நகத்திட்டு மறுபடி கேட்டு, ரெண்டு பதிலும் ஒரு வரி தள்ளி வந்தாத்தான் நம்புவேன். படம் நிறைஞ்ச ஸ்க்ரீனை விட வெறும் எழுத்தா இருக்குற அட்வான்ஸ்டு மோடு நல்லா படிக்கும், அசுஸ்ல எஃப்7 தட்டினா மாறும்.

செட்டப்புக்குள்ள போக பூட் ஆகும்போது டெலிட் பட்டனை ரயில் பிடிக்கிற மாதிரி தட்டிட்டே இருக்க வேண்டாம். விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினா திறந்து ஷட்டவுன், ஸ்பேஸ், ஸ்லாஷ் ஆர், ஸ்பேஸ், ஸ்லாஷ் எஃப் டபிள்யூ, ஸ்பேஸ், ஸ்லாஷ் டி (டைமோட முதல் எழுத்து), ஸ்பேஸ், 0. நேரா பயாஸ்ல போய் நிக்கும். ப்ளூடூத் கீபோர்டு அங்க பெரும்பாலும் வேலை செய்யாது, வயர் வச்ச பழைய கீபோர்டு ஒண்ணை அலமாரில போட்டு வையுங்க, அதைச் சொருகுற யூஎஸ்பி துளைக்குப் பக்கத்துல நாற்காலிக் காலுக்கு ஒட்டுற ரப்பர் குமிழ் ஒண்ணு ஒட்டிடுங்க.

பயாஸ்ல எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் பிட்லாக்கரை ஒரு ரீஸ்டார்ட்டுக்கு நிறுத்தி வைக்கணும், கமாண்ட் இருக்கு, மேனேஜ் பிடிஇன்னு ஆரம்பிக்கும். நான் அந்த 48 இலக்கத்தை போன்லயும் வச்சிருக்கேன், ப்ரெய்ல்ல அடிச்சு பீரோவுலயும் வச்சிருக்கேன். வைஃப் பாத்துட்டு "ஏங்க, இது என்ன லாட்டரி நம்பரா"ன்னாங்க.

லினக்ஸ்ல கொஞ்சம் நிம்மதி. டெபியன் இன்ஸ்டால் பண்ற யூஎஸ்பியைப் போட்டா மெனு வந்ததும் ஒரு பீப் அடிக்கும், எஸ் தட்டி எண்டர் அழுத்தினா இன்ஸ்டாலர் முழுக்கப் பேசும். லினக்ஸை எழுப்பி விடுற க்ரப் மெனுவுலயும் ஒரு செட்டிங் இருக்கு, க்ரப் இனிட் ட்யூன்னு பேர், முன்னாடி இருக்குற ஹேஷ் குறியை எடுத்துட்டா மெனு வந்ததும் பெட்டில ஸ்பீக்கர் இருந்தா சத்தம் குடுக்கும். சத்தம் மட்டும்தான், ஆனா இப்ப எங்க நிக்கிறோம்னு தெரியுதுல்ல, அதுவே பாதி நிம்மதி.

தோ பாயோ ரைஸ்ல இருக்குற பார்வையற்றோர் சங்கத்துலதான் நான் கம்ப்யூட்டரே கத்துக்கிட்டேன், 1951ல ஆரம்பிச்ச சங்கம், கால்டிகாட் எம்ஆர்டில இறங்கிப் போகணும். ரெட்ஹில் பக்கம் எனேபிளிங் வில்லேஜ்ல டெக் ஏபிள்னு ஒரு இடம், கருவிகளைத் தொட்டு ட்ரை பண்ணிப் பாக்கலாம். அசிஸ்டிவ் டெக்னாலஜி ஃபண்டுல குடும்ப வருமானத்தைப் பொறுத்து 90 சதவீதம் வரைக்கும், ஆயுசுக்கு மொத்தம் 40,000 வெள்ளி வரைக்கும் உதவி கிடைக்கும், நிறைய நம்ம ஆளுங்க தெரியாமயே சொந்தக் காசுல வாங்கிட்டு இருக்காங்க. அங்க போறப்ப ஸ்க்ரீன் ரீடர் ஓடுதான்னு மட்டும் பாத்துட்டு வந்துராதீங்க, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க, பயாஸை எப்படி மாத்துறதுன்னு கேளுங்க. முதல்ல விழிப்பாங்க. நாலு பேர் கேட்டா அஞ்சாவது ஆளுக்குப் பதில் ரெடியா இருக்கும்.

ஐரோப்பால 2025 ஜூன் 28ல இருந்து ஒரு சட்டம் நடப்புல இருக்கு, யூரோப்பியன் அக்சஸிபிலிட்டி ஆக்ட், மக்களுக்கு விக்கிற கம்ப்யூட்டரும் அதோட ஆபரேட்டிங் சிஸ்டமும் அதுக்குள்ள வருது. அங்க விக்கிற மதர்போர்டுதான் சிம் லிம்லயும் விக்குது, அவங்க பயாஸ்ல சத்தம் வந்துச்சுன்னா நமக்கும் வரும். அதுவரைக்கும் பீப்புதான்.

பீப்னதும் ஞாபகம் வருது. பையன் போன மாசம் புதுசா கேமிங் பெட்டி ஒண்ணு அசெம்பிள் பண்ணினான், என்எஸ், அதான் கட்டாய தேசிய சேவை, போறதுக்கு முன்னாடி ஒரு ஆசையாம். ராத்திரி பதினொரு மணிக்கு போன். "மாமா, எல்லா லைட்டும் எரியுது, ஃபேன் ஓடுது, ஸ்க்ரீன் வரல." எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சின்ன சந்தோஷம், ஒத்துக்கறேன். போர்டுல ஸ்பீக்கர் இருக்காடான்னு கேட்டேன், அப்படின்னா என்னன்னு கேக்குறான். இப்பல்லாம் புது போர்டோட அதைக் குடுக்குறதே இல்ல, அதுக்குப் பதிலா குட்டி லைட்டு. மறுநாள் சாயந்திரம் என்கிட்ட இருந்த ரெண்டு வெள்ளி ஸ்பீக்கரை எடுத்துட்டு அக்கா வீட்டுக்குப் போனேன், சுண்டுவிரல் நகம் அளவு, ரெண்டு வயர். போர்டோட ஓரத்துல நாலு பின் இருக்குற இடத்துல மாட்டச் சொல்லி பவர் போட்டா ஒரு நீள பீப், மூணு குட்டை பீப்.

"என்னடா போர்டு?"

"அசுஸ், மாமா."

அதைக் கேக்காம சொல்லக் கூடாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அவார்டுங்கிற பழைய பயாஸ்ல ஒரு நீளம் ரெண்டு குட்டைன்னா டிஸ்ப்ளே கோளாறு, அசுஸ்ல அதே கணக்கு ரேம் கிடைக்கலங்கிறது. ஒரு நீளம் மூணு குட்டைன்னா கிராஃபிக்ஸ் கார்டு கிடைக்கல. ப்ளக்கை உருவச் சொல்லிட்டு கையை உள்ள விட்டுத் தடவினேன், கார்டோட பின்பக்கம் ஒரு அரிசி உயரத்துக்குத் தூக்கிட்டு நிக்குது. அழுத்தினேன், டிக்.

அக்கா ரெண்டு பேருக்கும் இட்லி வச்சாங்க. ஸ்பீக்கரை அவன் இன்னும் திருப்பித் தரல.